குற்ற வழக்குத் தாள்களில் உள்ள எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட உதவி மையத்தில் நான் தன்னார்வலராக இருந்த நாட்களில் ஒருவர் வந்தார். கையில் முதல் தகவல் அறிக்கையின் நகல். காலை பத்து மணியிலிருந்து ஒரு நீதிமன்ற வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். அவர் தாளில் குற்ற எண் 218/2019 என்று இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அன்றைய பட்டியலில் சி.சி. 218/2019 என்று ஒரு வழக்கு இருந்தது (குற்ற எண் காவல் நிலையம் போடுவது, சி.சி. எண் நீதிமன்றம் போடுவது). எண் ஒத்துப்போகிறதே என்று உட்கார்ந்துவிட்டார். அது வேறு யாருடைய வழக்கோ. அவருடைய வழக்கை அதே வளாகத்தில் இன்னொரு நீதிமன்றத்தில் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வரவில்லை என்று பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். அன்று மாலைக்குள் அவருடைய வழக்கறிஞரைப் பிடித்து, வாரண்டைத் திரும்பப் பெற மனு போட வைப்பதற்குள் அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார்.

இந்தப் பக்கம் அவரைப் போன்றவர்களுக்காக எழுதியது. தமிழ்நாட்டில் ஒரு குற்ற வழக்கு காவல் நிலையத்தில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை போகும்போது அதன்மேல் ஏறும் எண்கள் என்னென்ன, எது எதற்கு உதவும் என்பதைப் பற்றியது. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எண், ஆண்டு, அதைக் கொடுத்த இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வழக்கு அடையாளம் தெரியும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் வேறு யாருடைய வழக்கு வாசலிலோ நிற்க நேரும்.

ஒரே சம்பவத்துக்கு ஏன் இத்தனை எண்கள்?

ஒவ்வோர் அலுவலகமும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கிறது, தன் வரிசையில் தானே எண் போடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் நானாகப் போட்டவை. சுருக்கெழுத்துகளுக்கு என்ன பொருள் என்பதைக் கீழே பார்க்கலாம். 2018 அக்டோபரில் ஓர் அரிவாள் வெட்டு. காவல் நிலையத்தில் குற்ற எண் 412/2018. காவல்துறை விசாரணை முடிந்து 2019-இல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை, அங்கே பி.ஆர்.சி. 9/2019. கொலை முயற்சியை அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும் என்பதால் வழக்கு அங்கே போகிறது, எஸ்.சி. 61/2020. நடுவில் ஜாமீன் கேட்டு அமர்வு நீதிமன்றத்தில் கிரிமினல் எம்.பி. என்ற எண்ணில் ஒரு மனு, அது தள்ளுபடியானதும் உயர் நீதிமன்றத்தில் ஒரு கிரிமினல் ஓ.பி. 2023-இல் தண்டனை, மேல்முறையீடு. கிரிமினல் அப்பீல் 305/2023.

ஆறு எண்கள், நான்கைந்து ஆண்டுகள், ஒரே வெட்டு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு சம்பவம் நடந்த ஆண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அலுவலகம் அந்தத் தாளுக்கு எண் போட்ட ஆண்டு அது. 2018 சம்பவத்துக்கு 2023 என்று ஓர் எண் இருப்பதில் தவறு எதுவும் இல்லை.

சி.எஸ்.ஆர். எண் கொடுத்துவிட்டார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதிகமாக ஏமாற்றம் தரும் எண் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சி.எஸ்.ஆர். என்பது கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டின் சுருக்கம். உங்கள் மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீதுதான் அது. பணம் கொடுக்கல் வாங்கல், வேலித் தகராறு, தொலைந்த சான்றிதழ் எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் ஏறும். அந்த எண்ணை வைத்து நீதிமன்றத்தில் எதையும் தேட முடியாது, ஏனென்றால் சி.எஸ்.ஆர். மனு நீதிமன்றத்துக்கே போவதில்லை. முதல் தகவல் அறிக்கைதான் உடனே நடுவருக்குப் போகும்.

நீங்கள் சொல்வது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதற்கு ஒரு சிறு இடைவெளி தருகிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதற்கு மேல் சி.எஸ்.ஆர். சீட்டோடு உங்களை அலைய விட்டால், அதே பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். சி.எஸ்.ஆர். சீட்டு அப்போது உதவும். எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

குற்ற எண் என்பதும் எஃப்.ஐ.ஆர். எண் என்பதும் ஒன்றா?

ஒன்றுதான். காவல் நிலையத்தில் கிரைம் நம்பர் என்பார்கள், தாளில் மு.த.அ. எண் என்று இருக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரி மாதம் எண் 1-இலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே தமிழ்நாடு முழுவதும் ஒரே ஆண்டில் குற்ற எண் 25 நூற்றுக்கணக்கில் இருக்கும். நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் குற்ற எண்ணை மட்டும் சொன்னால் யாராலும் எதையும் தேடித் தர முடியாது.

முதல் தகவல் அறிக்கையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண், தேதி. கீழே சட்டப் பிரிவுகள், சம்பவம் நடந்த நேரம், தகவல் நிலையத்துக்கு வந்த நேரம், பொது நாட்குறிப்பு எண். நீதிமன்றத்தில் இருக்கும் மூலத்தில் நடுவரின் சுருக்கொப்பமும் அது அவர் கைக்கு வந்த நேரமும் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மதியம்தான் நடுவரிடம் போயிருந்தால், இடையில் என்ன நடந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். உங்கள் வழக்கில் அப்படி ஒரு நேர வித்தியாசம் இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தவருக்கு இதன் நகல் இலவசம். 173-ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. அப்புறம், பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. இணைய வசதிச் சிக்கல் உள்ள இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம்.

குற்ற எண் போட்டுவிட்டார்கள் என்றால் குற்றம் நடந்ததாகத்தானே அர்த்தம்?

எப்போதும் அப்படி இல்லை. வீட்டை விட்டுப் போன பெண்ணைக் காணவில்லை என்று புகார் கொடுத்தாலும் குற்ற எண் போடுவார்கள். கிணற்றில் ஒருவர் இறந்து கிடந்தாலும் சந்தேக மரணம் என்று குற்ற எண் போட்டு விசாரிப்பார்கள். பழைய சட்டத்தில் அது பிரிவு 174, புதிய சட்டத்தில் 194. இப்படிப்பட்ட அறிக்கையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்று யாருமே இருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும் நேரத்தில் 'உங்கள் மேல் குற்ற எண் போட்டிருக்கிறார்கள்' என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் அந்தப் பிரிவைப் பாருங்கள்.

ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்றால்?

சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அப்போது எண்ணுக்குப் பதில் பூஜ்யம் போட்டு, உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது அந்த நிலையத்தின் வரிசையில் ஒரு குற்ற எண்ணைப் பெறும். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மேலே போகும் எல்லாத் தாள்களிலும் அதுதான் வரும்.

குற்ற எண் நடுவில் மாறுமா?

பிரிவு மாறினால் எண் மாறாது. வெட்டுப்பட்டவர் பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துவிட்டால், கொலை முயற்சிப் பிரிவைக் கொலைப் பிரிவாக மாற்றி ஒரு மாற்ற அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். குற்ற எண் அதேதான்.

விசாரிக்கும் அமைப்பு மாறினால் பெரும்பாலும் மாறும். சி.பி.சி.ஐ.டி. எடுத்துக்கொண்டால் தன் கணக்கில் மறுபதிவு செய்து புது எண் போடும். சி.பி.ஐ. போனால் ஆர்.சி. என்று தொடங்கும் எண் வரும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

இன்னொன்று: இரண்டு தரப்பும் மாறி மாறி அடித்துக்கொண்ட சம்பவத்தில், அடுத்தடுத்த இரண்டு குற்ற எண்கள் இருக்கும். 112, 113 என்பதுபோல. ஒன்றில் நீங்கள் சாட்சி, மற்றதில் நீங்கள் எதிரி. வழக்கும் எதிர்வழக்கும் என்று இதைச் சொல்வார்கள். ஒரே நீதிபதி இரண்டையும் அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பதே முறை. சம்மன் வந்தால் அது எந்த எண்ணுக்கு என்று கட்டாயம் பாருங்கள். சாட்சியாகப் போகிறோம் என்று நினைத்து வழக்கறிஞர் இல்லாமல் எதிரியாகப் போய் நின்றவர்கள் உண்டு.

சி.சி., எஸ்.டி.சி., பி.ஆர்.சி., எஸ்.சி. இவற்றுக்கு என்ன வித்தியாசம்?

நடுவர் நீதிமன்றம் தானே முழுமையாக விசாரிக்கும் வழக்கு சி.சி., அதாவது காலண்டர் கேஸ். சிறு வழக்குகள், அபராதத்தோடு முடிபவை எஸ்.டி.சி., சுருக்க விசாரணை. அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய கொலை, கொலை முயற்சி போன்றவை நடுவரிடம் முதலில் பி.ஆர்.சி. என்ற எண்ணில் நிற்கும். நகல்கள் எல்லாம் எதிரிக்குக் கொடுத்து முடித்ததும் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். கமிட்டல் என்று சொல்வது இதைத்தான். அங்கே போனதும் அது எஸ்.சி., அதாவது அமர்வு வழக்கு. போக்சோ, போதைப்பொருள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்றவற்றுக்கு முன்னால் ஸ்பெஷல் என்று சேர்ந்து வரும்.

ஆகவே எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்தாலே வழக்கு எந்தக் கட்டத்தில், எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பி.ஆர்.சி. எண்ணை வைத்துக்கொண்டு விசாரணை எப்போது முடியும் என்று கேட்பவர்களிடம், நீதிமன்ற விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எம்.சி. என்ற எண் குழப்பும். ஜீவனாம்ச மனுவுக்கும் எம்.சி. என்றுதான் போடுவார்கள். கோட்டாட்சியர் முன்னால் அமைதிக்காகப் பிணைப்பத்திரம் எழுதித்தரச் சொல்லும் நடவடிக்கைக்கும் எம்.சி. என்றே வரும். எந்த அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டோம் என்று நிலையத்தில் சொல்கிறார்கள். ஆனால் சி.சி. எண் இல்லையே?

தாக்கல் செய்வது வேறு, நீதிமன்றம் அதைக் கோப்புக்கு எடுப்பது வேறு. குற்றப்பத்திரிகையில் ஆவணம் குறைந்தால் குறிப்பு எழுதித் திருப்பிவிடுவார்கள். நிலையத்தில் அது பல மாதம் தூங்குவதுண்டு. அதுவரை எண் கிடையாது, வாய்தாவும் கிடையாது. நிலையத்திலிருந்து நீதிமன்ற வேலைக்கு வரும் காவலரிடமும், நீதிமன்ற அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எதிரியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அபராதம் மட்டும் உள்ள குற்றம் என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. இந்தக் கால வரம்புக்குப் பிறகு, தாமதத்தை மன்னிக்கக் காரணம் இல்லாமல், நடுவர் வழக்கைக் கோப்புக்கு எடுக்கக் கூடாது. பழைய சட்டத்தில் 468, புதிய சட்டத்தில் 514. உங்கள் குற்றப்பத்திரிகையின் தேதிகளைப் பார்ப்பதற்கு இது நல்ல காரணம்.

விசாரணையில் ஒன்றும் இல்லை என்று காவல்துறை முடித்துக்கொண்டால் ஆர்.சி.எஸ். என்று ஓர் எண்ணோடு புகார்தாரருக்கு அறிவிப்பு வரும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆட்சேபணை இருந்தால் நீதிமன்றத்தில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சி.என்.ஆர். எண் என்கிறார்களே, அது என்ன?

இந்தியா முழுவதும் ஒரே வழக்கைத்தான் காட்டும் எண் இது ஒன்றுதான். நிலையம், நீதிமன்றம் எதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 16 இடங்கள். முதல் இரண்டு எழுத்து மாநிலம். தமிழ்நாடு என்றால் டி.என். அடுத்த இரண்டு எழுத்து மாவட்டம். அடுத்த இரண்டு இடம் நீதிமன்ற அமைப்பு. அதன்பின் ஆறு இலக்கத்தில் வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு எச்.சி. என்று தொடங்கும்.

நடுவில் வரும் ஆறு இலக்கத்தைப் பார்த்து, இதுதான் என் சி.சி. எண் போல என்று நினைத்துவிடாதீர்கள். சி.என்.ஆர். 004567 என்று இருக்கும், சி.சி. 112 என்று இருக்கும். இரண்டும் ஒரே வழக்காக இருக்கலாம். தாக்கலாகும்போது கொடுப்பது ஒன்று, கோப்புக்கு எடுத்தபின் கொடுப்பது இன்னொன்று.

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியிலோ இணையதளத்திலோ இடைவெளியும் கோடும் இல்லாமல் 16 இடங்களையும் அடித்தால் அடுத்த வாய்தா, இதுவரை நடந்தவை, உத்தரவுகள் எல்லாம் வரும். எழுத்து ஓ-வா பூஜ்யமா என்று கவனியுங்கள். கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் இந்தத் தவறுதான் அடிக்கடி வரும். முதல் நான்கு இடம் எழுத்து, கடைசி பத்து இடம் இலக்கம் என்று ஞாபகம் வைத்தால் பெரும்பாலும் தப்பாது.

வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போனாலும், மேல்முறையீட்டுக்குப் போனாலும் அங்கே வேறு சி.என்.ஆர். வரும். பழைய எண்ணில் 'முடிந்தது' என்று காட்டும். வழக்கே முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வாய்தாவுக்குப் போகாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தது என்று வந்தால் எப்படி முடிந்தது என்ற வரியையும் படியுங்கள். கமிட்டல் என்று இருந்தால் வழக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னிடம் குற்ற எண் மட்டும்தான் இருக்கிறது. இணையத்தில் தேட முடியுமா?

முடியும். இ-கோர்ட்ஸில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண் என்ற பகுதிக்குப் போய், காவல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணையும் ஆண்டையும் கொடுங்கள். பல வரிகள் வந்தால் பதற வேண்டாம். ஜாமீன் மனுக்களும் அதே குற்ற எண்ணோடு சேர்ந்து வரும். சி.சி., பி.ஆர்.சி., எஸ்.சி. என்று இருக்கும் வரிதான் மூல வழக்கு. எதுவுமே வரவில்லை என்றால் குற்றப்பத்திரிகை இன்னும் கோப்புக்கு எடுக்கப்படாமல் இருக்கலாம், அல்லது அந்த நிலையத்தின் எல்லை வேறொரு வளாகத்தில் இருக்கலாம். அந்த வளாகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் என் பெயர் இல்லை, ஆனால் கூட இருந்தவர்கள் பெயர் இருக்கிறது. ஏன்?

உங்கள் வழக்கைப் பிரித்திருக்கலாம். ஐந்து எதிரிகளில் ஒருவர் தலைமறைவாகிவிட்டால், மற்ற நால்வரையும் காக்க வைக்காமல் அவர் பங்கை மட்டும் பிரித்து வேறு எண் போடுவார்கள். ஆள் நீண்ட நாள் கிடைக்கவில்லை என்றால் அது நெடுநாள் நிலுவை வழக்காக, எல்.பி.சி. என்ற பதிவேட்டுக்குப் போகும். நாலு பேர் விடுதலையாகிவிட்டார்கள், நமக்கும் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் திரும்பி, விமான நிலையத்தில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் இந்த வகை. விடுதலைத் தீர்ப்பின் தலைப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்ப்பில் எ1, அ.சா.3, அ.சா.ஆ.7, சா.பொ.2 என்றெல்லாம் வருகிறதே?

எ1 என்றால் முதல் எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் நம் நீதிமன்றத் தமிழில் எதிரி என்று எழுதுகிறார்கள். புகார்தாரருக்குப் பகைவர் என்ற பொருளில் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் எ4 ஆக இருந்தவர் குற்றப்பத்திரிகையில் எ2 ஆகலாம், நடுவில் சிலரை நீக்கியிருந்தால். மேல்முறையீட்டில் அவரே 'முதல் மேல்முறையீட்டாளர்' ஆகலாம். வரிசை எண் குற்றத்தின் கனத்தைக் காட்டுவதில்லை.

அ.சா. அரசுத் தரப்புச் சாட்சி, அ.சா.ஆ. அரசுத் தரப்புச் சான்றாவணம், சா.பொ. சான்றுப் பொருள். சில நீதிமன்றங்களில் அ.த.சா. என்று எழுதுவார்கள், அதேதான். குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் நீங்கள் ஒன்பதாவது சாட்சியாக இருந்து, கூண்டில் ஐந்தாவதாக ஏறினால் தீர்ப்பில் அ.சா.5 நீங்கள்தான். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இவை எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு மேலே போனால் ஒரு நீண்ட தீர்ப்பும் புரியும். நான் எப்போதும் அப்படித்தான் படிக்கிறேன்.

302, 420, 506(2) இவையெல்லாம் வழக்கு எண்களா?

இல்லை, சட்டப் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால் கொலைக்கு 302-க்குப் பதில் 103, மோசடிக்கு 420-க்குப் பதில் 318. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவுதான். அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு வகையும் தாள்களில் கலந்து வரும்.

உயர் நீதிமன்ற எண்களை எப்படிப் படிப்பது?

கிரிமினல் ஓ.பி. என்றால் ஜாமீன், முன்ஜாமீன், வழக்கை ரத்து செய்யக் கோருவது. கிரிமினல் ஆர்.சி. சீராய்வு, கிரிமினல் ஏ. மேல்முறையீடு, எச்.சி.பி. ஆட்கொணர்வு மனு. எண்ணுக்கு முன்னால் எம்.டி. என்று இருந்தால் அது மதுரைக் கிளை. இதைக் கவனிக்காமல் சென்னைக்கு ரயில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். எஸ்.ஆர். எண் என்றால் மனு உள்ளே போயிருக்கிறது, இன்னும் முறையான எண் ஆகவில்லை என்று பொருள். உச்ச நீதிமன்றத்தில் அதற்கு இணையானது டைரி எண்.

சான்றிட்ட நகலின் பின்பக்கம் நிறையத் தேதிகள் இருக்கின்றன. அவை எதற்கு?

தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கிழித்தோ மறைத்தோ ஒட்டிவிடாதீர்கள். நகல் மனு எண், மனு போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் என்று வரிசையாக இருக்கும். தண்டனைத் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். நகல் தயாராக எடுத்த நாட்களை அந்தக் கணக்கில் கழித்துவிடலாம். அதை நிரூபிப்பது அந்தப் பின்பக்கம்தான். நகல் மனுவுக்கும் சி.ஏ. என்றே எண் போடுவார்கள், அமர்வு நீதிமன்ற மேல்முறையீட்டுக்கும் சி.ஏ. என்று எண் வரும். முன்பக்கத் தலைப்பில் இருப்பது மேல்முறையீடு, பின்பக்க முத்திரையில் இருப்பது நகல்.

ஓர் ஆளை அடையாளம் காட்டும் எண் என்று ஏதாவது உண்டா? பெயரை வைத்துத் தேடினால் போதாதா?

மேலே சொன்ன எல்லா எண்களும் வழக்குக்கோ தாளுக்கோ உரியவை. ஆளுக்கு என்று இருப்பவை இரண்டு. ஒன்று சிறையில் கொடுக்கும் கைதி எண். ரிமாண்டில் இருக்கும்போது ஒன்று, தண்டனைக்குப் பிறகு வேறொன்று. மற்றது தேசிய கைரேகை எண். 2022-இல் தொடங்கிய நாஃபிஸ் என்ற தானியங்கிக் கைரேகை அமைப்பில், கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று கிடைக்கும், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். வேறு மாநிலத்தில் வேறு வழக்கில் கைதானாலும் அதே எண்தான். இது காவல்துறையின் உள்பயன்பாட்டுக்கானது, பொதுமக்கள் தேடிப் பார்க்க முடியாது.

நீதிமன்ற இணையதளத்தில் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை முருகன், எத்தனை செல்வி? ஓர் இளைஞருக்கு வேலை உறுதியாகியிருந்தது. பின்னணி சோதித்தவர்கள் இணையத்தில் அவர் பெயரில் ஒரு அடிதடி வழக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் அதே. அவர் என்னிடம் வந்தபோது கண்ணில் தூக்கமே இல்லை. குற்றப்பத்திரிகையின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டோம். அதில் எதிரியின் வயது 52 என்று இருந்தது, ஊரும் வேறு. நகலையும் அவருடைய பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தகப்பன் பெயர், வயது, முகவரி மூன்றும் பொருந்தாமல் பெயரை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வது பெரும் அநியாயம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு வார்த்தை அவரிடமே கேளுங்கள், காவல்துறைச் சரிபார்ப்பு அறிக்கை கேளுங்கள்.

விடுதலையான பிறகும் என் வழக்கு இணையத்தில் தெரிகிறது. எடுக்க முடியுமா?

சட்டம் இன்னும் தெளிவாகவில்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

காவல்துறை எடுத்த கைரேகை, புகைப்படம் போன்றவை வேறு கதை. 2022-இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி அவற்றை 75 ஆண்டு வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை எதுவும் இல்லாதவர் முழுமையாக விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அழித்துவிட வேண்டும். சிறார் என்றால் இன்னும் வலுவான பாதுகாப்பு உண்டு. அவர்களின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதே குற்றம்.

வெள்ளத்தில் எல்லாத் தாளும் போய்விட்டது. ஓர் எண்ணும் ஞாபகம் இல்லை. எங்கே தொடங்குவது?

சம்பவம் நடந்த ஊர் எந்தக் காவல் நிலைய எல்லை, தோராயமாக எந்த ஆண்டு என்ற இரண்டும் தெரிந்தால் போதும். இ-கோர்ட்ஸில் அந்த வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரின் முதல் சில ஆங்கில எழுத்துகளையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். பெயரை எழுதும் விதம் மாறும், ஆகவே இரண்டு மூன்று விதமாக முயன்று பாருங்கள். பழைய வழக்கு என்றால் இணையத்தில் இல்லாமல் போகலாம். அப்போது நிலையத்தின் குற்றப் பதிவேட்டிலும் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேட்டிலும் கையால்தான் தேட வேண்டும். ஜாமீன் எடுத்துக்கொடுத்த வழக்கறிஞரின் பழைய டைரியில் பெரும்பாலும் சி.சி. எண் இருக்கும். அவரும் இல்லையென்றால் அந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். எண் கிடைத்தவுடன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.